ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்த அம்மன்

எனக்கு வலிப்பு இருந்தது அம்மாவுக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டீச்சர். விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். எங்கள் இருவருக்கும் சோறு போட்டது அந்த வேலைதான்.

யுத்த காலம். டாக்டர் எங்கேயோ அலைந்து ஒரு புது மாத்திரை வாங்கிக் கொடுத்தார். பத்தாம் நாள் ஜுரம். உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது, அம்மனுக்குக் கோபம் வரும். மாத்திரை பாட்டில் பரணுக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் தடிப்பு அடங்கியது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு விட்டு, அம்மனை மரியாதையாக வழியனுப்பிவிட்டு, அன்று மாலையே அம்மா மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அம்மன் திரும்பி வந்துவிட்டாள்.

மாத்திரை மறுபடி பரணுக்கு ஏறியது. தெரு முழுக்க இதே பேச்சு.

"ஒரு மாசத்துல ரெண்டு தரம் வந்திருக்கா. இந்தாத்து மேல அம்பாளுக்குத் தனிப் பிரியம்" என்றாள் பக்கத்து வீட்டு மாமி.

இளநீரோடு பெண்கள் வந்து என்னைக் கும்பிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தெய்வமான பிறகு சொறிந்துகொள்ளக்கூட வழியில்லை.

ஐந்தாம் நாள், லீவு ஏன் நீள்கிறது என்று பார்க்க எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா எனக்கு வலிப்பு வரவேண்டும்?

கண் விழித்தபோது எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். எனக்கு ஆவேசம் வந்ததாக முடிவு கட்டியிருந்தார்கள்.

"எம் பிள்ளைக்குத் தபாலாபீஸ்ல வேலை கிடைக்குமா, தாயே?" என்று மாமி கேட்டாள்.

நாக்கைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். மாமி பூரித்துப்போனாள். அம்மா அவசரமாகக் கற்பூரம் ஏற்றினாள்.

மற்றவர்கள் போன பிறகும் ஹெட்மிஸ்ட்ரஸ் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, வாயோரத்து நுரையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்காத்துப் பொண்ணுக்கும் இப்படித்தான் வரும். என்ன மாத்திரை கொடுக்கறேள்?"

அம்மா பரணிலிருந்து பாட்டிலை இறக்கிக் காட்டினாள்.

"இதேதான். இதைச் சாப்பிட்டுத்தான் அவளுக்கும் தடிச்சுது. இது அம்மையே இல்லை. டாக்டரண்ட சொல்லி மருந்தை மாத்துங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "உடம்பு தேறினதும் ஸ்கூலுக்கு வந்துடு."

நான் அழுதேன். அம்மாவும் அழுதாள்.