ஏழாவது கோரிக்கை

பதுளை தபாலகத்தில் பெற்ற பதிவுத் தபால் ரசீது ஒன்று என்னிடம் இருக்கிறது. முத்திரையில் மாதமும் ஆண்டும் தெரிகின்றன: மார்ச் 1999. நாள் மட்டும் மையில் கரைந்துவிட்டது. என் குறிப்பேட்டின்படி அது 16ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். பெறுநர், துப்பாக்கி விளையாட்டுகள் செய்து விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம். உறைக்குள் இருந்தது ஒரு மனு: பத்துக் கோரிக்கைகள், பதினொரு கையெழுத்துகள். அதன் கார்பன் பிரதியும் என்னிடம் இருக்கிறது. பத்து ஆண்டுகள் ஆகப்போகின்றன; இன்னும் அதை எடுத்துப் படிக்கிறேன்.

பதினொரு பேரில் ஒருவருக்காகத்தான் அந்த மனு. தெமோதரைக்கு மேலே, நான் படிப்பித்த தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். என்னைவிட ஆறு வயது இளைய நண்பர். 1996இல் கொழுந்து அரைக்கும் ரோலரில் அவருடைய வலது கை மாட்டியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அதன்பின் அவருக்குத் தொழிற்சாலை வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். எல்லோரும் அவரிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூட எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கை போனதைவிட அதுதான் அவரை வாட்டியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ரயிலில் பதுளைக்குப் போவோம். கடைத்தெருவில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். தட்டச்சுப் பாடம் முடிந்ததும் ஒரு மணிநேரம் விளையாட விடுவார். இரண்டு இயந்திரங்களை ஒரு வயரால் இணைத்து, ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு. அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் விளையாட்டு வரிசையில் இரண்டாம் பாகம் அது. நீண்ட நடைபாதைகள், கதவுகள், அவ்வளவுதான். ஓடு, திரும்பு, சுடு. எதிராளி மாடியில் நின்றாலும் அவன் பக்கம் திரும்பிச் சுட்டால் போதும், உயரத்தை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். மவுஸ் தேவையில்லை. நண்பர் இடது கையால் ஓடுவார், வலது கையின் சுண்டுவிரலால் சுடுவார்.

1997 ஜூன் தொடங்கி ஆட்டங்களை நான் எழுதிவைத்திருக்கிறேன். அவர் தோற்றவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஒருநாள் அவரிடம் மூன்று தடவை தொடர்ந்து செத்த ஒரு வங்கி ஊழியர் நாற்காலியைப் பின்னே தள்ளினார்.

“ஏழு விரல வச்சுக்கிட்டு இப்பிடி அடிக்கிறியே, பத்தும் இருந்திருந்தா நாங்க இந்தப் பக்கமே வந்திருக்க முடியாதுப்பா.”

“பத்தும் இருந்தப்ப நான் கொழுந்துதாங்க அரைச்சேன். அதுல யாரையும் ஜெயிக்கல” என்றார் நண்பர்.

அறை முழுவதும் சிரித்தது. அந்த அறையில் மட்டும்தான் அவருடைய கையைப் பற்றி யாரும் இப்படி வாய்விட்டுப் பேசினார்கள்.

1999 ஜனவரியில் மூன்றாம் பாகம் வந்தது. அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது இரண்டு இயந்திரங்களிலும் பழையது இல்லை.

“மாஸ்டர், உது பழசு. இனி ஆர் உதை விளையாடப் போகினம்?” என்றார் வகுப்புக்காரர். “புதுசுக்கு இடம் காணாது. அதுதான் அழிச்சிட்டன்.”

“சீடி இருக்குமே சேர்?” என்று கேட்டேன்.

“அது கீறுப்பட்டுப் போச்சு.”

புதியதில் மேலேயும் கீழேயும் பார்த்துக் குறிவைக்க வேண்டும். அதற்கு ஒரு கையில் மவுஸ் வேண்டும், மற்றக் கையின் விரல்கள் நான்கு பொத்தான்களில் ஓட வேண்டும். நண்பர் மவுஸை இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். அப்போது நான்கு பொத்தான்களும் இரண்டு விரல் கையின் பொறுப்பாயின. இரண்டு ஞாயிறுகள் முயன்றார். மூன்றாவது ஞாயிறு, அதே வங்கி ஊழியர் வேண்டுமென்றே ஒரு மூலையில் அசையாமல் நின்றுகொடுத்தார். நண்பர் சுடவில்லை. எழுந்தார், நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளிவைத்தார், படியிறங்கிப் போய்விட்டார்.

புதிதாக எதுவும் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்றாம் பாகத்தின் படிக்கட்டுகளும் சுவரில் விழும் வெளிச்சமும் எனக்கும் பிடித்திருந்தன. ஆனால் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அந்தப் பழைய ஏற்பாட்டை ஏன் பிடுங்கினார்கள்? விளையாட்டின் தெரிவுப் பட்டியலில் அது ஒரு வரியாக இருந்திருக்கும். வேண்டாதவர் தொடாமல் விட்டிருக்கலாம். பண்டாரவளை நடைபாதையில் வாங்கிய ஓர் ஆங்கிலச் சஞ்சிகை, இந்தப் பாகம் பழைய ரசிகர்களையும் புதியவர்களையும் சமமாகத் திருப்திப்படுத்துகிறது என்று மெச்சியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. கோப்பில் வைத்திருக்கிறேன். பழையதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது பெயரையும் அட்டைப்படத்தையும். பழையபடி மட்டுமே விளையாட முடிந்த ஒரு மனிதனை வெளியே தள்ளினார்கள். சமநிலை என்று அதற்குப் பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

மனு எழுதுவது என் யோசனை. தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கு நான்தான் மனு எழுதுபவன்: அடையாள அட்டைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, கூரைத் தகரத்துக்கு. நிறுவனத்தின் முகவரி விளையாட்டுடன் வந்த ஒரு குறிப்பில் இருந்தது. திரும்பும் ரயிலில் நண்பரிடம் சொன்னேன்.

“ஏங்க மாஸ்டர், நம்மகிட்ட இருந்ததே கள்ள சீடி. அதுக்கு மனு வேறயா?”

“அத மனுவுல எழுத மாட்டேன்.”

“சரி, எழுதுங்க. என் விசயத்த மட்டும் எழுதுங்க. ஒத்த வரி போதும்.”

“அப்பிடி எழுதினா வேலைக்கு ஆகாது தம்பி. தோட்டத்துத் தொரைக்கு எப்பிடி எழுதுவோம்? பத்து கேட்டாத்தான் மூணு குடுப்பாங்க. எது நமக்கு முக்கியம்னு காட்டிட்டா அதையே இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. நடுவுல வைக்கணும்.”

“அவங்க தொரை இல்லீங்களே மாஸ்டர். கட போட்டு விக்கிறவங்க.”

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை மனு எழுதியவன், எனக்குத் தெரியாதா? அதிகத் துப்பாக்கிகள், பெரிய மைதானங்கள், ஆடுபவரின் பெயர் தலைக்கு மேல் தெரிவது என்று ஆறு கோரிக்கைகளை நானே கற்பனை செய்தேன். ஆறாவது, மழை பெய்ய வேண்டும் என்பது. ஏழாவதாகப் பழைய ஏற்பாட்டைத் தெரிவாகத் தரும்படி கேட்டேன். காரணம் எழுதவில்லை. அவருடைய கையைப் பற்றி எழுதினால் பிச்சை கேட்பதுபோல் ஆகும் என்று நினைத்தேன். எட்டு, ஒன்பது, பத்து எவை என்று பிரதியைப் பார்க்காமல் எனக்கே நினைவில்லை. நண்பர் பதினோராவதாக, இடது கையால் கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் பதில் வந்தது. ஒரு பக்கம், அச்சிட்ட கையொப்பம். எங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கூடுதல் துப்பாக்கிகளும் பெரிய மைதானங்களும் அடுத்த பாகத்துக்குத் திட்டத்தில் உள்ளன. ஏழாவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொழிற்சாலை வாசலில் நின்றே அதை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன்.

“நீங்க கேட்ட துவக்கெல்லாம் குடுக்கிறாங்க போல, மாஸ்டர்” என்றார். அதன்பின் எந்த ஞாயிறும் அவர் ரயிலுக்கு வரவில்லை.

2003இல் நான்காம் பாகத்தைப் பண்டாரவளையில் ஒரு கடையில் பார்த்தேன். பெயர் தலைக்கு மேல் தெரிந்தது. காயம்பட்டவன் சுவருக்குப் பின்னால் சற்று ஒதுங்கி நின்றால் தானாகக் குணமானான். மழையும் பெய்தது, மிக அழகான மழை. சந்தை கேட்டதைத்தான் செய்தார்கள், என் கடிதம் அவர்களை ஒரு அங்குலமும் அசைத்திராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆறையும் என் கைதான் எழுதியது. முதல் வரியில் ஒரு மனிதனையும் அவனுடைய கையையும் எழுதியிருந்தால், அங்கே படித்த எவனோ ஒருவன் நிமிர்ந்து பார்த்திருக்கக்கூடும். அவர்கள்மீது எனக்குள்ள கோபத்தில் பாதி இந்த இடத்தில் என் பக்கம் திரும்புகிறது. மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. ஏழாவது வரியையும் படிக்கத்தானே வேண்டும்?

கடைசிக் குறிப்பு, 2006 டிசம்பர். பண்டாரவளை பஸ் நிலையத்தில் அந்த வங்கி ஊழியரைச் சந்தித்தேன். அவருக்கு அப்போது கொழும்பில் வேலை. மூன்றாம் பாகத்துக்குப் பின்னர், அதன் குறைகளைச் சரிசெய்யும் ஒரு திருத்தம் இணையத்தில் வெளிவந்தது, உயரத்தைத் தானே பார்க்கும் தெரிவு அதில் இருந்தது என்றார். எந்த மாதம் என்று கேட்டேன், தெரியவில்லை. கண்ணால் பார்த்தீர்களா என்றேன், யாரோ சொன்னது என்றார். 1999இல் எங்கள் வகுப்பில் இணையம் இல்லை. வகுப்பே இப்போது இல்லை. மூன்றாம் பாகத்தின் பிரதி எதுவும் என்னிடமும் இல்லை.

நண்பர் இன்னும் அதே வாசலில் காவல் இருக்கிறார். அவரிடம் இதை நான் சொல்லவில்லை. அந்தத் திருத்தம் உண்மையில் வெளிவந்ததா, வந்திருந்தால் எங்கள் மனுவுக்கு முன்பா பின்பா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.