தலைவலி இருக்கிறதா என்று கேட்டார்கள்

எங்கள் பக்கத்தில் பசியோடு ஒரு வீட்டுக்குப் போனாலும், "சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்றுதான் வாயில் வரும். அடுத்தவரைச் சிரமப்படுத்திவிடக் கூடாது. என் வீட்டுக்காரர் இதில் கரைகண்டவர். தன் பட்டறையில் ஒருமுறை மோட்டார் காலில் விழுந்து, நகம் பெயர்ந்து ரத்தம் ஒழுக நின்றபோதும், ஓடிவந்த பக்கத்துக் கடைக்காரரிடம் "ஒண்ணுமில்லீங்க, நீங்க வேலயப் பாருங்க" என்று சொன்ன மனுஷன். அப்படிப்பட்டவரை இமயமலைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்து, மருந்தேற்றி, முடியெல்லாம் கொட்டி, ஒருவழியாகப் பிழைத்து எழுந்தேன். நோயைவிட என்னை வதைத்தது சொந்தக்காரர்களின் "அய்யோ பாவம்". விசேஷ வீட்டுக்குப் போனால் ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். அந்தச் சமயத்தில்தான், காலையில் என்னோடு நடக்க வரும் பெண்கள் பனிமலை ஏறுவதைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குளிரிலும் மூச்சுத் திணறலிலும் நடந்து மீண்டால் மனசு இரும்பாகிவிடுமாம். டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட, அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"தனியாவா போவ? நானும் வாரேன் அம்மணி," என்றார் இவர். மலை ஏறுவதில் அவருக்குத் துளி ஆசை கிடையாது. ஆனாலும் மூன்று மாதம், பட்டறை திறக்கும் முன்பு, என்னோடு மருதமலைப் படிகளில் ஏறி இறங்கினார். மூச்சு வாங்க உட்கார்ந்தால் நான் முறைப்பேன். "முருகனக் கும்புடறனுல்ல!" என்று சமாளிப்பார்.

மலையில் ஆண்களுக்குத் தனிக் கூடாரம், பெண்களுக்குத் தனிக் கூடாரம். இவரோடு தங்கியவர் ஆனைமலைக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம்மூர் ஆள் கிடைத்ததில் இவருக்கு ஏக சந்தோஷம். தினமும் காலையில் வழிகாட்டி எங்களை வரிசையாக நிறுத்தி, விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்ப்பார். தலைவலி இருக்கிறதா, வாந்தி வந்ததா, சோறு இறங்க மறுக்கிறதா என்று கேட்பார். எதற்காவது ஆமாம் என்றால் அன்றே கீழே அனுப்பிவிடுவார்கள். இவர் விரலை நீட்டி, தெரிந்த அரைகுறை இந்தியில் ஒன்றுமில்லை என்பார். கூடவே ஒரு கும்பிடு வேறு.

ஐந்தாம் நாள் காலை கணவாயின் உச்சியில் நின்றேன். சுற்றிலும் வெள்ளை. காற்று முகத்தில் அறைந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட அழாதவள் அங்கே ஓவென்று அழுதேன், பிறகு சிரித்தேன். இவர் வெகுநேரம் கழித்துத் தள்ளாடிக்கொண்டு வந்தார்.

"மனசுல தெம்பு வேணுமுங்க! இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு நா வர்லியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். போட்டோ எடுக்கச் சொன்னேன். கை நடுங்கி, எல்லாவற்றிலும் என் தலை வெட்டுப்பட்டிருந்தது. அதற்கும் திட்டினேன்.

இறங்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் அவர் கால் பின்னியது. வாழ்நாளில் சாராயத்தைத் தொடாதவர், குடித்தவர் போல நடந்தார். திடீரென்று நின்று, "பட்டறச் சாவிய எங்க வெச்ச?" என்று என்னிடம் கேட்டார். நான் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் கத்தினேன். வழிகாட்டி ஓடிவந்து பார்த்துவிட்டு, மூளையில் நீர் கோத்திருக்கிறது என்றார். பிராணவாயு வைத்து, நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். வண்டி நிற்கும் இடத்தை எட்டும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. கடைசிவரை என் கையைப் பிடித்திருந்தார். நான்தான் என்று தெரிந்து பிடித்தாரா, தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் ஆனைமலைக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டாம் நாள்லயே தலவலி வந்துருச்சுங்க. காலைல வாந்தி எடுத்து, மண்ணத் தள்ளி மூடிருவாருங்க. அந்த மிசினுல வெரல வெக்கறதுக்கு முந்தி மூச்ச நல்லா இழுத்து இழுத்து உடுவாருங்க. அப்பத்தான் அளவு ஏறுமுன்னு."

"ஏனுங்க, அப்பவே ஒருத்தருகிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"மூணாம் நாள் சாயங்காலம் சொல்லப் போனனுங்க. கையப் புடிச்சுக்கிட்டாருங்க. 'அம்மணிக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிசமே எறங்கீரும். அது ஆசப்பட்டு வந்துது, ஏறட்டும்'னாருங்க. அப்புடிக் கேக்கறவருகிட்ட எப்புடீங்க மாட்டேங்கறது?" என்று அந்தப் பெரிய மனுஷன் தேம்பினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பனே!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

அவர் சொல்லாமல் இல்லை. அதே மூன்றாம் நாள், மதியம், நாங்கள் இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அம்மணி, இத்தோட திரும்பிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வேணும்னா நீங்க எறங்கிக்கங்க. பாதியில உட்டுப்போட்டு வார ஆளு நானில்ல," என்றேன்.

"செரி செரி, போலாம்," என்றார். எழுந்து, தன் பையோடு என் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.