கிரெமோனாவுக்குப் போகாத வயலின்

என் மகள் இத்தாலியில் வயலின் வாசிக்கப் படிக்கிறாள் என்றுதான் நாங்கள் குடியிருக்கும் ரானுயிப் பகுதியில் தெரிந்தவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்க இல்லை, வயலின் செய்யப் படிக்கிறாள் என்று நான் திருத்துவேன். அதற்கு ஆக்லாந்திலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பார்கள். கிரெமோனா என்ற அந்த ஊரில் சில நூறு வருடங்களாக இதுதான் தொழில், உலகமே அங்கே போய்த்தான் கற்றுக்கொள்கிறது என்று விளக்குவேன். விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் போய் இரண்டு வருடம்.

மனைவியின் வயலின் என்னோடு இருந்தது. சென்னையில் வாங்கியது. அதன் உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் கிரெமோனா என்று அச்சடித்திருக்கும். சுத்தப் புளுகு. ஏதோ தொழிற்சாலையில் செய்து, சீட்டை ஒட்டி விற்றிருக்கிறார்கள். மேல்பலகையின் துவாரம் வழியாக அந்தச் சீட்டை சின்ன வயதில் எழுத்துக்கூட்டிப் படித்த என் மகள்தான் கடைசியில் நிஜ ஊரையே தேடிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, அவளுக்குக் காலை நேரம், போன் செய்வேன். வாரம் முழுக்க அதற்காகவே காத்திருப்பேன். அவள் குரல் கேட்டதும் பேச விஷயம் இருக்காது. சாப்பிட்டாயா, அங்கே குளிரா, இங்கே மழை. ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் தீர்ந்துவிடும். பெற்ற மகளோடு பேச ஒன்றும் இல்லையே என்று வெட்கமாக இருக்கும். இப்படியே போனால் அந்த ஐந்து நிமிடமும் ஒருநாள் இல்லாமல் போகும் என்று உள்ளூரப் பயந்தேன்.

மே மாதம் விடாத மழை. வயலின் பெட்டியைத் திறந்து பார்த்தால், மேல்பலகை ஓர் ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது. விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி. எனக்கு மங்கரேயில் ஒரு சரக்குக் கிடங்கில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிற வேலை. விட்டதைப் பார்த்தால் கை சும்மா இராது. இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கிற எபாக்சி பசையை வாங்கினேன். ஒட்டி, கிளாம்பு போட்டு இறுக்கினேன். மறுநாள் ஓரத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசினேன். ஒட்டிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. அவள் வரும்போது ஒரு குறையும் இல்லாமல் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

டிசம்பரில் வந்தாள். மறுநாளே வயலினைக் கேட்டாள். வாசிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மடியில் வைத்து, ஓரம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். ஒட்டு சரியாக இருக்கிறதா என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். நான் ஒட்டிய இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"நான்தான் ஒட்டினேன். இனி ஜென்மத்துக்கும் விடாது" என்றேன், மெடல் வாங்க வந்தவன் மாதிரி.

எந்தப் பசை என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஓரத்தை நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்தாள்.

"அது விடணும்ப்பா. விடறதுக்குத்தான் அதுல முன்னாடி இருந்த பசையே."

பிறகு பொறுமையாக விளக்கினாள். வயலின் செய்பவர்கள் மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைத்தான் போடுவார்களாம். மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது ஒட்டு முதலில் விட்டுக்கொடுக்கும், மரம் வெடிக்காமல் தப்பிக்கும். உள்ளே வேலை செய்ய வேண்டும் என்றாலும், மெல்லிய கத்தியை நுழைத்தால் பலகை அலுங்காமல் பிரிந்து வரும். என் பசை அப்படி வராது. பலகைதான் பிய்ந்துகொண்டு வரும். அவள் அந்த முறை வந்ததே அம்மாவின் வயலினைக் கொண்டுபோய்த் திறக்கத்தான். உள்ளே மேல்பலகைக்குத் தாங்கலாக ஒட்டியிருக்கிற நீளக் கட்டையை எடுத்துவிட்டு, தன் கையால் செதுக்கிய ஒன்றை வைக்க வேண்டும், சீட்டில் இருக்கிற பொய்யைக் கொஞ்சமாவது நிஜமாக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தாளாம்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவள் கத்தவில்லை. எப்போது விட்டது என்று மட்டும் கேட்டாள். மே மாதம் என்றேன்.

"மே மாசம் ஃபுல்லா கிளாஸ்ல எனக்கு இதான்ப்பா வேலை. ஒட்டு விட்டதைச் சரி பண்றது. ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"சண்டே ஆனா உங்ககிட்ட என்ன பேசறதுன்னு யோசிச்சிட்டே உக்காந்திருப்பேன், தெரியுமா?"

அவளும் அங்கே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரியில் அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். வயலின் இங்கேயே இருக்கிறது. அதன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. என் மேல்தான். அதை ஒட்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஒட்டி முடித்த கையோடு அவளுக்குப் போன் செய்தேன். கிளாம்பு மாட்டிய வயலின் எதிரே மேசையில் இருந்தது. பசை இன்னும் இறுகவில்லை, துடைத்திருந்தால் வந்திருக்கும். சாப்பாடு, குளிர், மழை எல்லாம் பேசி முடித்தாயிற்று.

"வேற என்னப்பா விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.