தலைக்கட்டுக்கு ஒரு பங்கு

எங்கள் மகளின் படிப்புப் பணத்தைக் கொடைக்கானலில் கரைத்தது என் மச்சாண்டார்தான். வேறு யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அவர் மூத்த அண்ணன். சங்ககிரியில் சொந்த லாரிகள் ஓடுகின்றன. நாங்கள் பள்ளிபாளையத்தில் அடுத்தவர் தறியை நம்பிப் பிழைக்கிறோம். வீட்டுக்காரர் தறி ஓட்டுவார், நான் தறி நாடாவுக்கு நூல்தார் சுற்றுவேன்.

இந்தக் கோடையில் அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் டூர் போகலாம் என்றார் மச்சாண்டார். செலவைப் பிரிக்கும் பேச்சு வந்தபோது, "கோயல் வரியாட்டத்தான். தலைக்கட்டுக்கு ஒரு பங்கு" என்று முடித்துவிட்டார்.

எங்கள் சொந்த ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அப்படித்தான் வரி போடுவார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, எல்லோருக்கும் ஒரே வரி. சாமிக்கு அது சரி. சாப்பாட்டுக்குமா? அவர் பக்கம் அவருடைய மாமனார், மாமியார், மச்சினன் என்று எட்டுப் பேர். எங்கள் பக்கம் மூன்று பேர். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார். வரி கட்ட முடியாது என்ற தலைக்கட்டை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். டூரையும் அப்படியே நினைத்துப் பயந்துவிட்டார்.

வேன் வந்து நின்றபோது பங்குப் பணத்தை மச்சாண்டாரிடம் நீட்டிக்கொண்டே கேட்டேன். "ஏனுங்க மாமா, இது பாப்பாளோட நர்சிங் பீசுக்கு வச்சிருந்ததுங்க. இதத் தொட்டா நாளைக்கு என்னங்க பண்றது?"

"அட, இதுக்கா இந்த மூஞ்சி? கட்டற அன்னைக்கு நான் கட்டறேன் சாமி. ஏறு வண்டீல" என்றார். வேனில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

பேசியிருந்தது சாதாரண லாட்ஜ். போய் இறங்கியதும் அவர் மச்சினனுக்கு அது பிடிக்கவில்லை. ரிசார்ட்டுக்கு மாறினோம். பங்கும் ஏறியது. நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மச்சாண்டார் மனைவி பிரித்துப் பார்த்து, "இங்க வந்துமா இதத் திங்கறது?" என்று குரங்குகளுக்குப் போட்டுவிட்டார். அவை நன்றாகத் தின்றன.

ஏரிக்கரையில் என் மகள் குதிரை ஏற ஆசைப்பட்டாள். வேண்டாம் என்றேன். குதிரைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே மச்சினன் முழுக்கோழி வாங்கி, பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். அதிலும் எங்கள் பங்கு இருந்தது. பிள்ளையைக் குதிரையில் ஏற்றியிருக்கலாம்.

வருகிற புதன்கிழமை பீஸ் கட்டக் கடைசி நாள். மச்சாண்டார் போனை எடுப்பதில்லை. வீட்டுக்காரர் நேரில் போனார். காபி கொடுத்து உட்காரவைத்து, "டூர்ல சந்தோசமாத்தான இருந்தீங்க? நான் என்ன கையப் புடிச்சா இழுத்துட்டுப் போனேன்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். தறி முதலாளியிடம் முன்பணம் ஏற்கெனவே வாங்கித் தீர்த்தாகிவிட்டது. கேட்க இனி ஆள் இல்லை.

"உடு மா, நானும் தார் சுத்தவே வாரேன்" என்றாள் மகள். அழக்கூட இல்லை.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரில் கோயில் வரிக் கூட்டம்; மச்சாண்டாரும் வருவார். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. நான் போய் உட்காரத்தான் போகிறேன். தலைக்கட்டு என்று சொல்லித்தானே எங்களிடம் வாங்கினார்? எல்லாத் தலைக்கட்டும் கூடியிருக்கும் அந்த இடத்தில் அவர் எழுந்து நிற்கட்டும். வேன் வாசலில் கொடுத்தது வாக்கா இல்லையா? புதன்கிழமை என் மகள் காலேஜுக்குப் போவாளா, தார் சுற்றப் போவாளா? ஊர் கேட்க, அவர் வாயால் சொல்லட்டும்.