ஐந்து ப்ளஸ் மூன்று காஸ் தீட்டா

எங்கள் பேராசிரியர் கட்டை விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கத்தைப் புரட்டுவார். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் முழுக்க, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து அந்த நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கணித இயற்பியல் கற்ற லட்சணம் அதுதான். அவர் கையில் இருந்தது புத்தகம் இல்லை, 'மெட்டீரியல்'. எப்போதோ எவரோ கையால் எழுதிய குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிய நூற்றுச் சொச்சம் பக்கம். அவர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். அதே மெட்டீரியல் எங்கள் பையிலும் இருக்கும், இருந்தாலும் எழுதுவோம். "புட் இசட் ஈக்குவல் டு ஈ பவர் ஐ தீட்டா, கமா" என்று நிறுத்தற்குறியோடு சொல்வார். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

ஒரு நாள் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "ரெசிட்யூன்னா இன்னா சார்?" என்று கேட்டாள். அவர் எச்சில் தொட்டு நாலு பக்கம் முன்னும் பின்னும் புரட்டினார். "அது பத்து மார்க்மா. கண்டிப்பா வரும்" என்றார். வகுப்பே நிம்மதியாகத் தலையை ஆட்டியது. வெட்கக்கேடு, நானும் ஆட்டினேன். கேட்டவள் மட்டும் பதில் இன்னும் வரும் என்று நினைத்தவள்போல நின்றுகொண்டே இருந்தாள். அவள் என் தோழி.

இருவரும் திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய் வருகிறவர்கள். என் அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர். அவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு கிராமம். அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். டவுன் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடி வந்து, வண்டி கிளம்பும்போதுதான் எப்போதும் ஏறுவாள். அப்படிப்பட்டவள் நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலும் முடித்து, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. படிக்க இடம் வாங்கியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனைதான். ஜூலை முடிவதற்குள் எம்.எஸ்சி.யில் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி என்று மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மற்றப் பாடங்களில் அவளுக்குக் கவலை இல்லை. இந்தக் கணித இயற்பியல்தான் பயம். பாடம் தெரியாமல் இல்லை, தெரிந்ததுதான் தொல்லை. அவள் தனக்குப் புரிந்த வழியில் கணக்கைப் போடுவாள். "ஸ்டெப்ஸ் மெட்டீரியல்ல இருக்கிற மாதிரி இல்லியே" என்று பேராசிரியர் பாதி மதிப்பெண்ணை வெட்டுவார். உள்தேர்வுகளில் எல்லாம் விளிம்பில்தான் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மெட்டீரியலின் யோக்கியதையைச் சொல்கிறேன். காண்டூர் இன்டெக்ரேஷன் என்று ஒரு பகுதி. அதில் ஒரு வட்டம் போட்டு, கோவையின் கீழ்ப்பகுதி எங்கே பூஜ்யமாகி வெடிக்கிறதோ அந்த இடங்களைப் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு 'போல்' என்று இங்கிலீஷ் பெயர். கணக்குப்படி இரண்டு புள்ளிதான். எங்கள் மெட்டீரியலில் மூன்று இருந்தது. மூன்றாவது, முதல் பிரதியில் யாரோ சிந்திய மை. ஜெராக்ஸில் ஆண்டுதோறும் கறுத்துக் கறுத்து அழகான புள்ளியாகிவிட்டது. நாங்கள் எல்லாரும் அதை வரைந்தோம். தேர்வு அறையில் வளையலைக் கழற்றி வைத்து வட்டம் இழுத்து, பயபக்தியோடு மூன்று புள்ளி வைப்போம். வைக்காத பையனுக்கு ஒரு மதிப்பெண் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். த்தூ, இதற்குப் பெயர் முதுகலை!

"ரெண்டு ரூட்டுதானடி வரும், இந்த மூணாவது எங்கேர்ந்து மொளைச்சிது?" என்று ரயிலில் அவள்தான் கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தாள். யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், மெட்டீரியலின் அந்தப் புகழ்பெற்ற கணக்கை எழுதினாள். கீழே ஐந்து ப்ளஸ் நான்கு காஸ் தீட்டா, மேலே ஒன்று, ஒரு முழுச் சுற்றுக்குத் தொகை காண வேண்டும். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயரே 'அஞ்சு நாலு'. விடை, இரண்டு பையை மூன்றால் வகுத்தது. எங்களுக்கு முந்தைய எத்தனையோ செட் மாணவர்களுக்கும் அதே அஞ்சு, அதே நாலு, அதே விடைதான்.

"இத பாரு. காஸ் தீட்டா ஆடிக்கினே இருக்குது. அதனால கீழ இருக்கிற நம்பரு ஒண்ணுலேர்ந்து ஒம்போது வரைக்கும் போய்க்கினு வந்துக்கினு இருக்குது. ஒரு சுத்து முழுக்க அத்தினியும் கூட்டுறதுன்னா பேஜாரு. ஆனா வட்டத்துக்கு உள்ள எங்க வெடிக்குதுன்னு மட்டும் கண்டுபுடிச்சிட்டா போதும். அந்த ஒரு எடம் மொத்தக் கணக்கையும் சொல்லிடும். அங்க மிஞ்சுறதுதான் ரெசிட்யூ."

எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திடுக்கிட்டு, "இன்னாம்மா வெடிக்குதுன்றீங்க ரயில்ல உக்காந்துக்கினு?" என்று கேட்டார். சிரித்து முடிக்க விக்கிரவாண்டி வந்துவிட்டது. எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரிந்தது. வட்டத்தைச் சுற்றி நடக்கும் எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் ஒரு புள்ளி சொல்லிவிடும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய் கமா போட்டு வாசித்தாரே மனிதர் என்று பற்றிக்கொண்டு வந்தது.

தேர்வு நாள் வந்தது. கேள்வித்தாள் தயாரித்தவர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. பதினாறாம் கேள்வியில் ஐந்து ப்ளஸ் மூன்று காஸ் தீட்டா என்று இருந்தது. நான்குக்குப் பதில் மூன்று. அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் அடுத்த கேள்விக்குத் தாவப் பார்த்தேன். பிறகு ரயிலில் கற்றதை நினைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வட்டத்துக்கு உள்ளே ஒரு புள்ளி, மைனஸ் மூன்றில் ஒன்று. வெளியே ஒரு புள்ளி, மைனஸ் மூன்று. விடை, பையை இரண்டால் வகுத்தது. சரியாக, சுத்தமாக வந்து நின்றது. பதினேழு வருடம் படித்ததில் நானாகவே, யாரும் வாசித்துக் காட்டாமல் கண்டுபிடித்த ஒரே விடை அது.

அதற்குள் எங்கள் வகுப்புத் தலைவன் எழுந்துவிட்டான். "சார், பதினாறாவது கொஸ்டின் தப்பு சார். நாலு இருக்கணும், மூணு இருக்குது." அறை முழுக்கச் சலசலப்பு. பேராசிரியர் ஓடி வந்தார். கேள்வி சரியா என்று பார்க்க அவர் என்ன செய்தார் தெரியுமா? கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மெட்டீரியலைக் கொண்டுவரச் சொல்லி, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் தேடினார். நான்குதான் இருந்தது. "பிரிண்ட் மிஸ்டேக்கு. எல்லாரும் நாலுன்னே எடுத்துக்குங்க. அதே ஆன்சர்தான்."

"மூணு வச்சாலும் வருது சார்" என்றாள் என் தோழி.

"உனக்கு ஒருத்திக்காக எல்லாரையும் குழப்பாதம்மா. ஜல்தி எழுதுங்க, டைம் ஆவுது."

நான் பேனாவை எடுத்தேன். என் விடையின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்தேன். அடுத்த பக்கத்தில் அஞ்சு நாலை மனப்பாடமாக எழுதி, வளையலைக் கழற்றி வட்டம் போட்டு, அந்த மைப் புள்ளியையும் வைத்தேன். அவள் மூன்றையே போட்டுவிட்டு வந்தாள். "கேட்ட கேள்விக்குத்தானடி பதில் எழுத முடியும்" என்றாள் வெளியே வந்ததும். மறுநாள், பதினாறாம் கேள்வி அச்சுப் பிழை, நான்கு என்று எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும் என்று துறைக்கு ஒரு மனு போயிற்று. வகுப்பே கையெழுத்துப் போட்டது. என் கையெழுத்து நான்காவது. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

முடிவு வந்தபோது கணித இயற்பியலில் அவளுக்கு நாற்பத்து நான்கு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். பதினாறாம் கேள்விக்குப் பத்துக்குப் பூஜ்யம். எனக்கு அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, வரும் ஆண்டு என்னையே கெஸ்ட் லெக்சரராகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் இனிப்பு வாங்கிவிட்டார்கள்.

ஜூலை முடிய ஐந்து நாள் இருந்தது. அவள் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனாள். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டாள். அவர் அறையிலிருந்த சின்னப் பலகையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட்டுக் காட்டினாள். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அவர் பலகையைப் பார்க்கவில்லை, மனுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டுல போட்டா எல்லாம் கரெக்ட்டாத்தாம்மா தெரியும். மொத்த க்ளாஸும் கையெழுத்து போட்டிருக்குது. இப்ப ஆன்சர் கீயை மாத்தினா அத்தினி பேருக்கும் பத்து மார்க் போவும். உன்ன மாதிரி இன்னொருத்தர் மூணு வச்சு வருதுன்னு சொல்லட்டும், நான் கமிட்டிக்கு அனுப்பறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதான் ஃபர்ஸ்ட் மார்க்கு. மூணு வச்சா உனக்கு வந்துச்சா?"

வந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் விடைத்தாளில் அடித்த கோட்டுக்கு அடியில் அது அப்படியே கிடக்கிறது. அதைச் சொன்னால் என் முதல் மதிப்பெண்ணும் போகும், வேலையும் போகும், வகுப்பே என்னைத் திட்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கணக்கை மட்டும் எவ்வளவு வேகமாகப் போட்டேன்!

"இல்ல சார். மூணு வச்சா வரல."

வேலை கிடைத்தது. இன்றும் அதே மாடியில் அதே மெட்டீரியலை நான்தான் வாசிக்கிறேன். விரலை மட்டும் நாக்கில் தொடுவதில்லை. அதை ஒரு பெருமையாக நினைத்துக்கொள்கிற கேவலமான பிறவி நான்.

அன்று மாலை வண்டியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சென்னை இடம் போய்விட்டது என்று அறையை விட்டு வெளியே வரும்போதே இருவருக்கும் தெரியும். முண்டியம்பாக்கம் தாண்டும் வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து வேறு பெட்டிக்குப் போவாள் என்று காத்திருந்தேன். போயிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வச்சா உனக்கு வரலியாடி?"

கிண்டல் செய்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். துளிக்கூட இல்லை.

"தப்பு என்னுதுதான். நாலு வச்சு மட்டும் சொல்லிக் குடுத்துட்டேன், ஹால்ல நம்பரு மாறனதும் பயந்துட்டிருப்ப. நோட்ட எடு. இப்பவே போட்டுடலாம்."

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து, வண்டி ஆட்டத்துக்குக் கையை ஊன்றிக்கொண்டு, முதல் வரியிலிருந்து எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். வட்டம் போட்டு இரண்டு புள்ளியும் வைத்தாள்.

"இப்ப சொல்லு. ரெண்டுல எது உள்ள இருக்குது?"

"தெரியலியே" என்றேன்.

"பரவால்லடி" என்று சொல்லிவிட்டு, பக்கத்தைத் திருப்பி மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.