பக்கத்து நிரை

கண்டியில் அந்தப் பரிசோதனைக்கூடம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. வைத்தியர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் இரத்தத்தின் ஒரு கலத்திலிருந்து எடுத்த நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், சோடி சோடியாக, பெரியது முதல் சிறியது வரை, பாடசாலைக் குழுப்படத்தில் நிற்பதுபோல் நின்றன. பத்திரிகையில் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பது என் வேலை. படத்தில் ஆட்கள் இருந்தால் முதலில் எண்ணிவிட்டுத்தான் கீழே உள்ள பெயர்களை வாசிப்பேன். இதையும் எண்ணினேன். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து.

“ஒன்னு கொறையுதே, டொக்டர்.”

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “அதுக்குள்ள எண்ணிப்போட்டீங்களோ?” என்று சிரித்தார். “குறையேல்லை. வடிவாப் பாருங்கோ. பதின்மூண்டாவது சோடியில ஒண்டும் பதினாலாவதில ஒண்டும் ஒட்டிக்கொண்டு நிக்குது. ரெண்டுமே இருக்கு.”

இரண்டு முறை என் வயிற்றில் பிள்ளை தங்காமல் போயிருந்தது. காரணம் தேடித்தான் அங்கே போயிருந்தேன். ஒட்டிய அந்த இரண்டும் கருமுட்டை உண்டாகும்போது சரியாகப் பிரிவதில்லை. சில பிள்ளைகளுக்கு ஒன்று கூடிப்போகும், சிலவற்றுக்கு ஒன்று இல்லாமல் போகும். அவை பெரும்பாலும் நிலைக்காது என்றார்.

“ஏன் அந்த ரெண்டும் போய் ஒட்டுச்சு? படத்தில வேற வேற சோடிதானே?”

“படத்தில நிக்கிற வரிசை நாங்கள் நிப்பாட்டினது. உயிரோட இருக்கிற கலத்தில உப்பிடி ஒரு வரிசையும் இல்லை.”

பிரியப்போகும் கலத்தை மருந்தால் நிறுத்தி, ஊதவைத்து, கண்ணாடித் தட்டில் சிதறவிட்டு, எடுத்த படத்தைத் திரையில் ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். அவர் இன்னொரு படத்தைத் திறந்தார். அது உயிருள்ள ஒரு கலத்தின் முழு உட்கரு. உள்ளே ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் ஒவ்வொரு சாயம். நூல் நூலாக அவிழ்ந்து கிடந்தாலும் அவை ஒன்றோடொன்று சிக்கிக் குழம்பவில்லை. தனக்கென்று ஓர் இடம் பிடித்து, ஓரங்களில் மட்டும் உரசிக்கொண்டிருந்தன. வேலை குறைந்தவை பெரும்பாலும் சுவரோரம் ஒதுங்கும், வேலை மிகுந்தவை நடுவை நோக்கி இருக்கும் என்றார். நடுவில் இருண்டு தெரிந்த ஒரு திட்டைச் சுட்டி, அது புன்கரு என்றார். பதின்மூன்று, பதினான்கு உட்பட ஐந்து சோடிகளின் நுனிகள் ஒரே வேலைக்காக அங்கே வந்து கூடுமாம்.

“கிணத்தடியில நிக்கிற மாதிரி நெருங்கி நிப்பினம். அந்த நேரம் உடைஞ்சா, பக்கத்தில நிக்கிறதோடதானே ஒட்டலாம்?” என்றவர், “அம்மா இருக்கிறாவோ? அவவின்ர இரத்தத்தையும் பாத்தால் நல்லது,” என்றார்.

அம்மா இருக்கிறார், மடுல்கெல்லவில். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் “நாலு” என்பார். உயிரோடிருப்பது நான் மட்டும். மற்ற மூன்றும் பிறக்காமலே போனவை. மேல்மலையில் மூன்று தேயிலைச் செடிகளின் தூரில் அவற்றைப் புதைத்திருந்தார். கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள், அடுத்தவள் நிரையில் கைவைக்கக் கூடாது. ஆனால் அந்த மூன்று செடிகள் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்து நிரைக்கு மாறுவார். கங்காணி முதலில் ஏசினார், பிறகு விட்டுவிட்டார். மற்றப் பெண்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். பறிக்கப்படாத செடிகள் மூன்றும் ஆளுயரத்துக்கு வளர்ந்து மலையில் தனியே நின்றன. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, மூடுபனியில் அவை ஆட்கள் என்றே நினைத்திருந்தேன்.

மூன்றும் தன் தவறால் போனவை என்பது அம்மாவின் நம்பிக்கை. வயிற்றில் பிள்ளையோடு கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியவர். எனக்கு இரண்டாவதும் போனபோது, “என் பாவந்தான்டி ஒன்னையும் புடிச்சிருக்கு” என்றார். அதன்பின் என் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

சாக்கு காரணமில்லை என்று சொல்ல இப்போது ஒரு வழி கிடைத்திருந்தது. ஆனால் அதே பரிசோதனை, இது அம்மாவிடமிருந்துதான் வந்தது என்றும் சொல்லக்கூடும். பத்திரிகையில் ஒரு பிழைக்குத் திருத்தம் போடப்போய் இன்னொரு பிழை சேர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இருந்தும் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிவந்தேன்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. அம்மாவுக்கும் நாற்பத்தைந்து. வைத்தியர் சொல்வதை அம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

“அப்ப நான் சாக்கு தூக்குனதால இல்லைங்களா?”

“இல்லை அம்மா. இது நீங்கள் பிறக்கேக்கையே உங்களோட வந்தது.”

“அப்ப எங்கிட்டருந்துதான் இவளுக்குப் போச்சு.”

நான் பயந்த இடம் அதுதான். வைத்தியர் மறுக்கவில்லை. “ஓம். ஆனா இதோட சேத்துத்தான் நீங்களும் வந்தனீங்கள், இவவும் வந்தவ. ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கிறியள்?”

அம்மா, வைத்தியர் திரையில் மறுபடி திறந்திருந்த வட்ட உட்கருவை வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் அதது எடத்துலதான் இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியம் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார், பிறகு உள்ளே வந்தார். “என்னாடி, அடுப்படிய இப்புடி வச்சிருக்க? எலிகூட வராது,” என்றார். இரண்டாவது பிள்ளை போனபின் அந்த வீட்டில் அம்மாவின் குரல் கேட்டது அதுதான் முதல்முறை.

போன மாதம் மடுல்கெல்லவுக்குப் போனேன். மேல்மலைப் பாதையில் அம்மாவோடு நின்றேன். மூன்று செடிகளும் இன்னும் உயரமாக நின்றன.

“ஒங்க தப்பு இல்லன்னு ஆயிருச்சே. இனிமே அதுலயும் பறிக்கலாந்தானம்மா?”

“தப்புக்காகவாடி விட்டேன்?” என்றார். “அது அதுங்க எடம்.”

கீழேயிருந்து ஒரு பெண் பறித்துக்கொண்டே ஏறி வந்தாள். அம்மாவோடு வேலை செய்தவளாக இருக்க முடியாது, அவ்வளவு இளையவள். கைப்பேசியில் யாருடனோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்காமலே பக்கத்து நிரைக்கு மாறி, மூன்று செடிகளையும் கடந்த பிறகு, “ம், சொல்லு” என்றாள்.