மதில் தாண்டிய பாசி

என் ஓரகத்தி ஒரே கோடையில் தன் கொல்லைப்புறக் குளத்திலிருந்து இழுத்தெடுத்த பாசியை முறுக்கிக் கயிறாகத் திரித்திருந்தால், அதில் ஒரு கப்பலையே கட்டி இழுத்திருக்கலாம். சரி, கப்பல் என்பது என் வாய்க்கொழுப்பு. படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். படகும் காலியாக இருக்க வேண்டும், காற்றும் நம் பக்கம் வீச வேண்டும். ஆனால் அவள் கொண்ட கோபத்தைச் சொல்லும்போது நான் ஒரு சொட்டும் கூட்டப்போவதில்லை. அது கப்பல் அளவுதான்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. நான் மாடியில், அவள் கீழே. முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கத்திரி’. கையில் பிடித்திருப்பதற்காக மட்டும் வந்த பெயர் இல்லை, வாய்க்கும் சேர்த்துத்தான்.

மறதி என்பது அவளுக்குத் தூரத்துச் சொந்தம், நல்லது கெட்டதற்குக்கூட எட்டிப்பார்க்காது. சிறுவயதில் கணக்கு டீச்சர் ஒருத்தி “நீ எதுக்குமே லாயக்கில்ல” என்று சொல்லிவிட்டாளாம். பிள்ளை பெற்று, கடை வைத்து, கடைக்குப் பெயரும் வந்த பிறகு அதே டீச்சர் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தாள். கத்திரி காபி கொடுத்தாள், கழுத்தில் துண்டு சுற்றினாள், அழகாக வெட்டினாள். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஒரு விரற்கடை குட்டை. “என்னம்மா இது?” என்று டீச்சர் கண்ணாடியைப் பார்த்துப் பதறியபோது, “அளவு தப்பிடுச்சு டீச்சர். நான்தான் கணக்குல மக்காச்சே” என்றாள். இது நான் கட்டிய கதை இல்லை. மறுபடி சரிசெய்ய அந்த டீச்சர் வந்து காத்திருந்ததை நானே பார்த்தேன்.

இப்படிப்பட்டவளிடம் வாலாட்டப் பாசிக்கு எப்படித் தைரியம் வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கடைக்குப் பின்னால் கார் நிறுத்த இடம் செய்யலாமா என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இவள் தோண்டிவிட்டாள். ரப்பர் விரிப்பு போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி, நீர் விட்டு, அல்லிச் செடி வைத்து, மீன்களும் விட்டாள். தலையில் சாயம் பூசிக்கொண்டு அது ஊறும்வரை உட்கார வேண்டியவர்களுக்குக் கரையில் ஒரு நீள பெஞ்சு. கடைக்குக் கூட்டம் சேர்ந்ததே அந்தப் பெஞ்சால்தான். மீன்களில் பெரியது ஒரு செம்மஞ்சள் கிழடு, பெயர் தாத்தா. பெஞ்சில் இருப்பவர்கள் மாமியாரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் வாயைத் திறந்து திறந்து கேட்கும். கேட்டதை வெளியே சொல்லாது. இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு ஜீவன் அது மட்டும்தான்.

அடுத்த கோடையின் தொடக்கத்தில், அல்லித் தண்டில் ஒரு பச்சை இழை தெரிந்தது. சீப்பில் ஒட்டிய ஒற்றை முடி மாதிரி. மறுவாரம் அது ஒரு சவுரி. அதற்கடுத்த வாரம் குளத்துக்கே கூந்தல் முளைத்துவிட்டது. நூல் நூலாக, வழவழவென்று, கல்லையும் தண்டையும் சுற்றிக்கொண்டு, நடுவில் மீன்கள் வலையில் மாட்டியவை போலத் திணறிக்கொண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் வீடு. கொழுந்தனுக்கு அக்கா, எனக்கு இளையவள். ரோஜா வளர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிறர் வீட்டுக் குறையை மதில்மேல் முகவாய் வைத்துப் பார்ப்பதிலும் அப்படித்தான். ஒருநாள் பெஞ்சில் மூன்று பெண்கள் சாயத்தோடு உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள்:

“ஏம்மா, கடையில வெட்டுன முடியெல்லாம் இங்கதான் கொட்டுறியா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சட்டென்று காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். கத்திரி மதிலைப் பார்த்தாள், பிறகு குளத்தைப் பார்த்தாள்.

அன்று மாலையே போர் தொடங்கியது. அவளுக்குத் தெரிந்த ஆயுதம் எதுவோ அதைத்தான் எடுத்தாள். முழங்கால் நீரில் இறங்கி, பாசியை இடது கையில் அள்ளிப் பிடித்து, நுனி பிளந்த முடியை நறுக்குவதுபோல் கத்திரிக்கோலால் நறுக் நறுக்கென்று வெட்டினாள். மாடியிலிருந்து பார்க்க ரொம்ப நேர்த்தியாக இருந்தது. வெட்டியது நீரில் மிதந்து குளம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. தலைமுடியை வெட்டினால் வெட்டியது குப்பைக்குப் போகும், மீதிதான் வளரும். பாசியில் வெட்டியதும் வளரும், மீதியும் வளரும். அங்கங்கே கிடந்த சனியனைக் குளம் முழுக்க நாற்று நட்ட பெருமை அவளையே சேரும்.

“ஏண்டி, நான் தாவரவியல் படிச்சவ, மாடியில உக்காந்திருக்கேனே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றேன்.

“நீங்க படிச்சது எந்தக் காலத்துலயோ அக்கா. அப்ப இருந்த பாசி நல்ல பாசியா இருந்திருக்கும்” என்றாள்.

கேட்காமலே அடுத்ததையும் செய்தாள். முடியை வெளுக்க வைக்கும் பெராக்சைடு கடையில் குப்பி குப்பியாக இருந்தது. நான் மதியத் தூக்கத்தில் இருந்தபோது அதைக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள். கண்விழித்துப் பார்த்தால் குளம் நுரைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் பாசி பச்சையாக இல்லை, பொன்னிறத்தில் பளபளத்தது. சினிமா நடிகைகூட அப்படி ஒரு நிறம் கேட்டு வாங்க முடியாது.

“என்னம்மா, குளத்துக்கே கலரிங் பண்ணிட்டியா? எவ்வளவு நாளைக்கு நிக்கும்?” என்றது மதில்.

நிற்கவில்லை. செத்த பாசி அழுகி, நீரில் இருந்த மூச்சுக்காற்றையெல்லாம் தின்றது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கத்திரி குழாயைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை புதுநீர் பீய்ச்சிக்கொண்டே நின்றாள். மற்ற மீன்கள் பிழைத்தன. தாத்தா பிழைக்கவில்லை. அதை எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, கை கழுவாமலே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரக் கடைசியில், முடிக்குப் போட்ட சாயம் போய் அடி தெரிவது போல, பொன்னிறத்துக்குக் கீழே புதுப் பச்சை எட்டிப்பார்த்தது.

கொழுந்தனுக்கு அதுதான் சமயம். அவன் அக்காளும் வந்து நன்றாக ஊதிவிட்டிருந்தாள். “மண்ணைக் கொட்டி மூடுடா தம்பி. கொசுதான் மிச்சம். காரை நிறுத்து, நிம்மதியா இரு.” அவன் கத்திரியிடம் சொன்னான்: “பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள தண்ணி தெளியணும். தெளியலேன்னா இடிச்ச செங்கல் ஒரு லோடு சொல்லியிருக்கேன். வந்துடும்.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“அக்காவைக் கேட்டு.”

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தக் கணத்தில் அவள் கணக்கில் தாத்தாவின் சாவு, பெஞ்சில் தூக்கிய கால்கள், வரப்போகும் செங்கல் எல்லாம் ஒரே பெயரில் பற்று எழுதப்பட்டுவிட்டன. பெராக்சைடு ஊற்றியது யார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

அன்றுதான் முதல்முறையாக மாடிக்கு வந்து கேட்டாள். “அக்கா, அதுக்கு என்னதான் வேணும்?”

“எல்லாருக்கும் வேண்டியதுதான். வெயிலும் சாப்பாடும்” என்றேன். “வெயிலை மறைக்க அல்லி இலை பரவணும். மீனுக்கு நீ போடற தீனியில பாதி கீழ அழுகுது, அதைக் குறை. பாசியை வெட்டாதே, சுருட்டி எடு. தினமும் எடு. ஒருநாள் விட்டாலும் வட்டியோட வரும். சாப்பாடு வேற எங்கேர்ந்தாவது வருதான்னும் பாரு.”

அவள் பார்த்தாள். பாசி எல்லா இடத்தையும்விட மதிலோர மூலையில்தான் தடித்துக் கிடந்தது. அந்தப் பக்கத்துத் தரை நம் தரையைவிட மேடு. மறுநாள் நாத்தனார் ரோஜாவுக்கு வெள்ளை வெள்ளையாக உரம் தூவி, குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் மதிலின் அடியில் ஒரு செங்கல் சந்திலிருந்து நீர் கசிந்து, கல் இடுக்கு வழியே நேராகக் குளத்தில் இறங்கியது. கத்திரி குனிந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்தக் கணக்கு டீச்சர் பார்த்திருந்தால் மொட்டை அடித்துக்கொண்டு போயிருப்பாள்.

“அப்போ இந்தச் சனியனுக்குச் சோறு போட்டு வளக்கறது அண்ணியா?”

“தெரிஞ்சு செய்யலடி.”

“நானும் தெரிஞ்சா செய்யப்போறேன்?” என்றாள்.

மதிலடி ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசினாள். பிறகு கடையிலிருந்து முடியைச் சுருட்டி உலர்த்தும் உருண்டை பிரஷ் ஒன்றை எடுத்து, ஒட்டடைக் கம்பு முனையில் கட்டினாள். அதை நீரில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், பாசி நூல்கண்டு மாதிரி தானே வந்து ஏறிக்கொண்டது. ஒரு வாளி நிறைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மதிலருகே போய், சுற்றும்முற்றும் பார்க்கக்கூட இல்லை, அப்படியே அந்தப் பக்கம் கவிழ்த்தாள்.

“உங்க வீட்டுச் சோத்துல வளந்தது அண்ணி! நீங்களே வச்சுக்குங்க!”

அதைத் தொடர்ந்து எழுந்த அலறலில் எலுமிச்சை மரத்துக் காக்கை தூரத்துத் தெருவில் போய்த்தான் உட்கார்ந்தது. “ஐயோ! என் ரோஜாமேல இது என்ன கண்றாவி! இவளுக்கு விவஸ்தை இருக்கா? டேய் தம்பி, வந்து பாருடா உன் பொண்டாட்டி லட்சணத்தை!”

கத்திரி வாளியைக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நல்ல பாட்டைக் கேட்பவள் போல நின்று கேட்டாள்.

அதன் பிறகு அவளுக்குப் பொழுது விடிவதே அந்த அலறலுக்காகத்தான். கடை திறக்கும் முன்பே குளத்தில் இறங்கிவிடுவாள். கல்லைப் புரட்டிச் சுருட்டினாள், தண்டை நீவிச் சுருட்டினாள். பாசி குறையக் குறைய, வாளி நிறையவில்லையே என்று இன்னும் ஆழத்தில் துழாவினாள். சளியும் காய்ச்சலுமாகக் கிடந்த நாளில்கூடக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு கை அள்ளி வீசிவிட்டுத்தான் படுத்தாள். கொழுந்தன் கெஞ்சினான், “போதும்டி, அக்கா பாவம்.” “உங்க அக்கா செங்கல்லை வேணாம்னு சொல்லட்டும், நான் நிறுத்தறேன்” என்றாள். நாத்தனார் சொல்லவில்லை. அலறினாள், சபித்தாள், குடும்ப மானத்தை இழுத்தாள், மதிலுக்கு வந்து நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை.

விடுமுறை முடிவதற்குள் அல்லி இலைகள் தட்டு தட்டாக விரிந்து குளத்தைப் பாதிக்குமேல் மூடின. மீதிப் பாதியில், அடியில் கிடந்த கூழாங்கல்லின் வரிகள் தெரிந்தன. ஒரு நாள் காலையில் கத்திரி பிரஷைச் சுற்றியெடுத்தால், அதில் நாலு இழை. அதையும் விடாமல் மதிலுக்கு மேல் உதறினாள்.

செங்கல் வண்டி சொன்னபடி வந்தது. கொழுந்தன் வண்டிக்காரரைக் கொல்லைப்புறம் கூட்டிவந்தான். அவர் குளத்தை எட்டிப்பார்த்தார். மீன்கள் வரிசையாக வந்து அவரை எட்டிப்பார்த்தன.

“இதையா சார் மூடச் சொல்றீங்க? மனசு வருமா?” என்றார்.

கொழுந்தன் தண்ணீரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் இடுப்பில் கைவைத்து, கத்திரிக்கோலோடு நின்றாள். “வேற எடத்துல கொட்டிடுங்க” என்றான். காரை இன்றைக்கும் தெருவில்தான் நிறுத்துகிறான். அதன்மேல் காக்கை எச்சமிடும்போதெல்லாம் கத்திரி முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

ஒரு கோடை முழுக்க நாத்தனாரைத் தினமும் கதறவைத்து, அந்தக் கதறலிலேயே குளத்தைத் தெளியவைத்த பெண் என் ஓரகத்தி. பழி என்றால் அது பழி என்று முடித்து, இதைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்காட்டினேன். கத்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அவளிடம் முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார், நாற்காலியில் சாய்ந்தபடியே, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

“அண்ணி, எழுதறதுதான் எழுதறீங்க, உள்ளதை எழுதுங்க. முதல் நாள் கத்தினது நிஜம், ஒத்துக்கறேன். அந்தப் பாசி விழுந்த செடியில அந்த மாசமே மொட்டுக்கு மேல மொட்டு. அதோட உரக்கடைப் பக்கம் போறதையே விட்டுட்டேன். ‘நல்லா இருக்கும்மா, இன்னும் ரெண்டு வாளி போடு’ன்னு சொல்லியிருந்தா இவ ஒரு இழை போட்டிருப்பாளா? அதான் தினமும் காலையில எழுந்து, காபியைக் குடிச்சு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, கத்தறதுக்குன்னே மதில்கிட்ட வந்து நின்னேன்.”